முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்கு முன்னாலேயே கீமோ கொடுக்கும்போது மருந்து கேட்கிறதா என்று பார்க்க எங்கள் ஆஸ்பத்திரியில் அல்ட்ராசவுண்டைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். எம்ஆர்ஐ இதைவிடத் துல்லியம், ஆனால் அந்தச் செலவை எல்லாராலும் தாங்க முடியாது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது, கீமோவுக்கு வந்த அன்றே பார்த்து அனுப்பிவிடலாம்.

சிரமம் அளப்பதில்தான். சிகிச்சைக்குக் கட்டி எவ்வளவு கேட்டது என்று அளவை வைத்துக் கணக்கிடும் ரெசிஸ்ட் விதிப்படி, கட்டியின் நீளம் 30 சதவீதமாவது குறைந்தால்தான் ஓரளவு பலன் என்று எழுதலாம். 40 மி.மீ. கட்டி 28-க்கு வந்தால் அந்தக் கணக்கில் சேரும், 30 என்று அளந்துவிட்டால் சேராது, இந்த 2 மி.மீ. வித்தியாசமோ ப்ரோபை (மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை) கொஞ்சம் சாய்த்தாலோ அழுத்தினாலோ வந்துவிடும். அதனால் முதல் ஸ்கேனிலேயே கட்டி கடிகாரத்தில் எத்தனை மணித் திசையில், காம்பிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி, ப்ரோபை எந்தப் பக்கமாகப் பிடித்து அளந்தோம் என்று எழுதிவிட வேண்டும். 'இடது மார்பில் கட்டி' என்று ஒரே வரியில் முடிந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், அடுத்து பார்ப்பவர் எதோடு ஒப்பிடுவார்? அக்குள் நெறிகட்டியை மட்டும் நீளத்தில் இல்லாமல் அதன் குறுகிய அளவில் எடுக்க வேண்டும்.

எல்லாக் கட்டியும் ஓரத்திலிருந்து சுருங்கி வருவதில்லை. சில கட்டிகள் உள்ளுக்குள் தீவு தீவாக உடையும், வெளி அளவு அப்படியே நிற்கும். டாப்ளரில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுவேன், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர மாட்டேன்.

மருந்துக்கு நன்றாகக் கேட்கிற கட்டி ஸ்கேனில் தேடினாலும் கிடைக்காமல் போகும். அதற்காகத்தான் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை வைக்கிறோம், அது இல்லாவிட்டால் எங்கே வெட்டுவது என்று சர்ஜன் திண்டாடுவார்.

அப்போதுதான் நோயாளியிடமிருந்து அந்தக் கேள்வி வரும். "கட்டியே தெரியலைன்னா அப்புறம் எதுக்கு டாக்டர் ஆபரேஷன்?" நியாயமான கேள்வி, அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். ஸ்கேனுக்குப் பிடிபடாத செல்கள் மிச்சம் இருக்கலாம், சில சமயம் கட்டி மாதிரித் தெரிவது வெறும் தழும்பாகவும் இருக்கலாம், இரண்டையும் என்னால் ஸ்கேனில் பிரித்துச் சொல்ல முடியாது, எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதியாகத் தெரியும் என்று அவரிடம் நேராகவே சொல்லிவிடுவேன்.