மூன்று கரண்டிச் சோறு

தஞ்சாவூரில் பிறந்தவனைப் பார்த்து "சோத்தை நிறுத்துங்க அத்தான்" என்று சொல்ல என் மைத்துனனுக்குத்தான் தைரியம் வரும். அவன் பேலியோ கட்சி, அதாவது மாவுச்சத்தை ஒதுக்கும் உணவுமுறை. எனக்குச் சர்க்கரை நோய்; அப்போது என் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சோதனை) 8.9.

மறுநாளே இறங்கிவிட்டேன். முட்டை, பனீர், பாதாம். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டேன். மூன்றாம் நாள் காலை, பேங்க் வரிசையில் கை நடுங்கியது, சட்டை நனைந்தது. சர்க்கரை 58. பெட்டிக்கடைக் கலர் சோடாதான் காப்பாற்றியது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். மாவுச்சத்தை வெட்டினால் மாத்திரை அளவையும் டாக்டர் குறைக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் வேறு ஆபத்து: சர்க்கரை அதிகம் ஏறாமலே, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகலாம்.

அதற்காக மைத்துனன் சொன்னது முழுப் பொய்யுமில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 2019 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சண்டை. 2022இல் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு, 18,090 பேரின் சாப்பாட்டை அலசி, புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்கு மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதம் மாவுச்சத்து போதும் என்று கணக்குப் போட்டது. அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்துப்போனது (ஏன் என்று கேட்க வேண்டாம்).

இப்போது மதியம் மூன்று கரண்டிச் சோறு, தட்டு நிறையக் கீரையும் சுண்டலும். கடைசி ஹெச்பிஏ1சி 7.1. மாத்திரை பாதியானது. மைத்துனன் மட்டும் என் தட்டைப் பார்த்து இன்னும் பெருமூச்சு விடுகிறான்.