ஃபேச்சுவஸ் என்றொரு சிரிப்பு

மூன்று நாட்களாக ஒரே வாக்கியத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். மொழிபெயர்ப்புக்கு எடுத்திருக்கும் ஆங்கில நாவலில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று பொறியாளர் பதறிப்போய்ச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் ஒரு சிரிப்பு சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு ஆசிரியர் கொடுத்திருக்கும் அடைமொழி 'ஃபேச்சுவஸ்' (fatuous).

முதலில் 'அசட்டுச் சிரிப்பு' என்று எழுதினேன். மறுநாள் படித்தபோது உறுத்தியது. நாம் அசடு வழிவது எப்போது? மாட்டிக்கொண்டோம் என்று நமக்கே தெரியும்போது. அதில் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. இந்த மனிதருக்கு வெட்கம் மருந்துக்கும் கிடையாது. 'முட்டாள்தனமான சிரிப்பு' என்று மாற்றினால் முட்டாள்தனம் மட்டும் நிற்கிறது, அதில் அவருக்கு இருக்கும் திருப்தி போய்விடுகிறது. 'ஏளனச் சிரிப்பு' என்றால் திமிர் வருகிறது, முட்டாள்தனம் போய்விடுகிறது. கையில் இருக்கும் அகராதி 'மடத்தனமான, அறிவற்ற' என்று இரண்டு சொல்லோடு கடையைச் சாத்திவிட்டது.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினேன். ஒருவனுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது, ஆனால் எல்லாம் தெரிந்த நிறைவோடு எதிரில் இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறான், அதற்கு என்ன சொல் போடுவது என்று கேட்டேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "போன மாசம் பிளம்பர்கிட்ட சிரிச்சீங்களே, அந்தச் சிரிப்பா?"

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீடு அடுக்ககத்தின் மேல் மாடியில். தலைக்கு நேர் மேலே தண்ணீர்த் தொட்டி. ஆனால் ஷவரைத் திறந்தால் நூல் போலத்தான் வரும். வந்து பார்த்த பிளம்பர், டேங்க் உயரம் பத்தவில்லை, சின்னதாக ஒரு பிரஷர் பம்ப் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் சிரித்தேன். தோட்டத்துக் குழாயின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது, பார்த்ததில்லையா, குழாய் குறுகினால் வேகம் கூடும், ஆகவே ஒரு இஞ்ச் பைப்பை எடுத்துவிட்டு அரை இஞ்ச் பைப் போடுங்கள் என்று பாடம் எடுத்தேன். "சார், அது வாயை மட்டும் சுருக்குறது. நீங்க லைன் பூராவும் சுருக்கச் சொல்றீங்க. தண்ணி உரசி உரசியே தளர்ந்துடும்" என்றார். அதற்கும் சிரித்தேன். பத்தாம் வகுப்பு இயற்பியல் ஞாபகம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை, ஆனால் கேட்டிருப்பேன். அவர் ஒரு நொடி சுவரைப் பார்த்தார். "சரி சார்" என்றார்.

2,400 ரூபாய் ஆயிற்று. நூல் போல வந்த தண்ணீர், சொட்டு மருந்து போல வந்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு). எங்கள் ஷவருக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். இந்தக் கணக்கையெல்லாம் பிறகுதான் படித்தேன்.

ஆக, ஃபேச்சுவஸ் என்ற சொல்லின் பொருள் எங்கள் குளியலறையில் இருந்தது. வெறும் அறியாமைக்கு இந்தச் சொல்லைப் போட மாட்டார்கள். பைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாமல் "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று நான் சொல்லியிருந்தால் அது அறியாமை, அவ்வளவுதான். குழந்தை உளறினாலும் ஃபேச்சுவஸ் இல்லை. 'சில்லி' (silly) என்ற சொல்லைச் செல்லமாகக்கூடச் சொல்லலாம். நம் 'அசடு' மாதிரி. இதைச் செல்லமாகச் சொல்ல வழியே இல்லை. பெரும்பாலும் ஒரு பேச்சுக்கோ, சிரிப்புக்கோ, நம்பிக்கைக்கோ அடைமொழியாக வரும். நிலைமை கைமீறிப் போகும் நேரத்தில் மேடையேறி 'எல்லாம் சரியாகிவிடும்' என்று கன்னம் பூரிக்கச் சொல்பவருடைய நம்பிக்கை ஃபேச்சுவஸ். முட்டாள்தனத்தோடு கூடவே ஒரு மினுமினுப்பு இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்த முகம் மாதிரி.

பல வருடங்கள் இந்தச் சொல்லை 'ஃபாட்டுவஸ்' என்றுதான் உச்சரித்துவந்தேன். குண்டு என்று பொருள்படும் 'ஃபேட்'டுக்கும் இதற்கும் ஏதோ உறவு என்றும் நினைத்திருந்தேன். (யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம்தான்.) உறவு ஒன்றும் இல்லை. லத்தீனில் 'ஃபாதுவஸ்' என்றால் மடையன். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: சப்பென்றிருப்பது, ருசியில்லாதது. முதலாம் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் மார்ஷியல், உழைப்பாளிகளின் மதியச் சாப்பாடான பீட்டை இந்தச் சொல்லால்தான் சொல்கிறார். அந்தச் சப்பென்ற பீட்டுக்கு ருசி ஏற்ற, சமையல்காரன் ஓயாமல் ஒயினும் மிளகும் கேட்பானாம். அந்தக் காலத்தில் ரோமாபுரிக்கு மிளகு எங்கிருந்து போனது என்று உங்களுக்கே தெரியும். முசிறியில் யவனர் கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. கறி என்றால் மிளகு.

லத்தீனில் ருசி பார்ப்பதற்கும் அறிவோடு இருப்பதற்கும் ஒரே வினைச்சொல். நம்மை ஹோமோ சேப்பியன்ஸ் என்று சொல்லும்போது அந்தச் சொல்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது. ருசியும் இல்லை, புத்தியும் இல்லை என்றால் ஃபாதுவஸ். நாமும் 'உப்புச்சப்பில்லாத பேச்சு' என்கிறோம். சதுப்பு நிலத்தில் இரவில் தெரியும் வெளிச்சத்துக்கு லத்தீனில் 'இக்னிஸ் ஃபாதுவஸ்' என்று பெயர். மடத்தீ என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அதே வெளிச்சம் கொள்ளிவாய்ப் பிசாசு.

பிசாசு என்றதும் குறள் ஞாபகம் வந்தது. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் அலகையாக, அதாவது பேயாக, வைக்கப்படுவான் என்று ஒரு குறள். எந்த அதிகாரம் என்று புரட்டிப் பார்த்தால், மூன்று நாட்களாக நான் தேடியது அங்கே உட்கார்ந்திருக்கிறது. 84ஆவது அதிகாரம் பேதைமை. அதை அடுத்து 85ஆவது, புல்லறிவாண்மை. முட்டாள்தனத்துக்கு ஒரு அதிகாரம், தன்னை மெச்சிக்கொள்ளும் முட்டாள்தனத்துக்குத் தனியாக இன்னொரு அதிகாரம்! பரிமேலழகர் இதற்குத் தரும் விளக்கத்தின் சாரம்: சிற்றறிவு உடையவன் தன்னைப் பேரறிவாளனாக மதித்துக்கொண்டு, உயர்ந்தோர் சொல்லும் நல்ல சொல்லைக் கேட்காமல் இருப்பது. ஆங்கில அகராதிக்காரர்கள் இதை அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அதே அதிகாரத்தில்,

வெண்மை எனப்படுவ தியாதெனின் ஒண்மை
உடையம்யாம் என்னுஞ் செருக்கு.

வெண்மை என்பது இங்கே முதிராத அறிவு. 'நாங்கள் விவரமானவர்கள்' என்ற செருக்குத்தான் அது. அரை இஞ்ச் பைப் என்று பக்கத்தில் எழுதிவைக்கத் தோன்றியது. இன்னொரு குறள் இன்னும் மோசம்: காணாதவனுக்குக் காட்டப் போகிறவன் தானே காணாதவனாகிவிடுவான், காணாதவனோ, தான் கண்டபடி கண்டவனாகவே இருப்பான். அந்த "சரி சார்" சொன்னவர் சுவரைப் பார்த்தது ஏன் என்று எனக்கு விளங்கியது.

சொல் கிடைத்துவிட்டது, ஆனால் நாவலில் அதைப் போட முடியாது. 'அவர் புல்லறிவாண்மையுடன் சிரித்தார்' என்று எழுதினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். மொழிபெயர்ப்பில் இது அடிக்கடி நடக்கும்: சரியான சொல் வேறு, அந்த இடத்தில் உட்காரும் சொல் வேறு. கடைசியில் அடைமொழியை உடைத்துப்போட்டேன். 'தனக்குத் தெரியாத பாலமா என்பதுபோல் அவர் பூரிப்பாக ஒரு சிரிப்பு சிரித்தார்.' ஒரு சொல்லுக்கு நாலு சொல் ஆகிவிட்டது. இருக்கட்டும்.

அந்த வாரமே பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்தார். அரை இஞ்ச் பைப்பைக் கழற்றி ஓரமாக அடுக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. பழையபடி ஒரு இஞ்ச் பைப்பைப் போட்டு முடித்துவிட்டு, "பம்ப்ப எங்க சார் வைக்கலாம்?" என்று கேட்டார்.

எனக்கு அதிலும் ஒரு யோசனை இருந்தது. மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்களே பார்த்து வைங்க" என்றேன்.