ஷட்டவுனில் 90 நொடி தொங்கல்: நெட்வொர்க் முதலில் போய்விடுகிறதா?

லினக்ஸை அணைக்கும்போது "ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்" என்று 90 நொடி ஓடுகிறதென்றால், அது சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் இயல்பான காத்திருப்பு நேரம். பலர் உடனே டைம்அவுட்டை 10 நொடியாகக் குறைக்கிறார்கள். அது கோளாறை மறைக்கும், தீர்க்காது.

முதலில் சிஸ்டம் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையை "-b -1" சேர்த்து ஓட்டி, போன பூட்டின் கடைசி வரிகளைப் பாருங்கள். எதுவும் வராவிட்டால் பதிவு நினைவகத்தில் மட்டும் இருந்திருக்கும். /var/log/journal அடைவை உருவாக்கி, மறுபடி பூட் செய்த பிறகு அடுத்த ஷட்டவுனைப் பிடிக்கலாம்.

"சர்வர் நாட் ரெஸ்பாண்டிங்" என்று என்எஃப்எஸ் (வேறு கணினியின் கோப்புகளை நெட்வொர்க் வழியே மவுன்ட் செய்யும் முறை) புலம்பியிருந்தால், அந்த மவுன்ட் கழற்றப்படும் (அன்மவுன்ட்) முன்பே இணைப்பு போய்விட்டது. "ஹார்டு" முறையில் செய்த மவுன்ட், சர்வரிடமிருந்து பதில் வரும்வரை விடாது. லேப்டாப்பில் வழக்கமான குற்றவாளி வைஃபை: இணைப்பு ஒரு பயனருக்கு மட்டும் உரியதென்றால், அவர் லாக்அவுட் ஆனதும் அறுந்துவிடும். நெட்வொர்க்மேனேஜரில் அதை எல்லாப் பயனருக்கும் பொதுவாக்குங்கள். ஐஸ்கஸி (iSCSI) வட்டு, அதாவது நெட்வொர்க் வழியே வரும் வட்டு, வேறு கதை. அதிலுள்ள இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை உள்ளூர் வட்டு போலவே தெரிவதால், மவுன்ட்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில், இதற்கு நெட்வொர்க் தேவை என்று சொல்லும் "_netdev" கட்டாயம்.

நீங்களே எழுதிய சர்வீஸ் என்றால் அதன் அமைப்புகள் உள்ள யூனிட் கோப்பில் "After=network.target" இருக்கிறதா? நிறுத்தும் வரிசை தொடங்கும் வரிசைக்கு நேர் தலைகீழ். ஆகவே இந்த வரி இருந்தால் நெட்வொர்க் போகும் முன்பே சர்வீஸ் நிற்கும். "இதுவும் தொடங்கட்டும்" என்று மட்டும் சொல்லும் "வான்ட்ஸ்" (Wants=) வரியை மட்டும் எழுதினால் வரிசை அமையாது, பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். திருத்தியபின், யூனிட் கோப்புகளை மறுபடி படிக்க வைக்கும் டீமன்-ரீலோட் (systemctl daemon-reload) மறக்க வேண்டாம்.