டர்பனில் சினிமா படித்தேன், மதிப்பெண் போனது காகிதத்தில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இந்த வருடம் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு, எழுதுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு வந்து, தான் எடுத்த இரண்டு நிமிட வீடியோவைக் காட்டி, "அக்கா, இதுக்கு ஃபிலிம் ஸ்கூல்ல இடம் கொடுப்பாங்களா?" என்று கேட்டாள். கேட்டது ஆங்கிலத்தில்தான்; 'அக்கா' மட்டும் தமிழ். இங்கே எங்கள் வயதுக்காரர்களிடம் அவ்வளவுதான் மிச்சம். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக எழுத வருவது ஆயாவின், அதாவது என் பாட்டியின், தயவு, கோயிலில் நடந்த சனிக்கிழமை வகுப்பின் தயவு. அவளிடம் சொன்னதையே விரித்து எழுதுகிறேன்.

முதல் முறை நான் விண்ணப்பித்தபோது இடம் கிடைக்கவில்லை. எங்கள் மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். பள்ளி நாட்களிலேயே வார இறுதியெல்லாம் அவர் பின்னால் ட்ரைபாட் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். அதனால் கேமரா தெரியும் என்ற திமிர் நிறைய இருந்தது. நேர்முகத்துக்கு நான் கொண்டுபோனது ஒரு கல்யாணத்தின் நான்கு நிமிடச் சுருக்கம். ஸ்லோ மோஷனில் ஆரத்தி, மண்டபத்துக்கு மேலே ட்ரோன், பின்னால் பாட்டு. (சம்பாதிப்பதற்காக ட்ரோன் பறக்கவிட இந்த நாட்டில் சிவில் ஏவியேஷன் உரிமம் வேண்டும். மாமாவிடம் இதைப் பற்றிக் கேட்காதீர்கள்.) பார்த்து முடித்த ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மணப்பெண் அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்?" எனக்குப் பதில் வரவில்லை. எட்டு மணி நேரம் அவள் முகத்தைப் படம் பிடித்திருக்கிறேன், ஒரு தடவைகூட அதை யோசித்ததில்லை.

அடுத்த வருடம் போனில் எடுத்த மூன்று நிமிடத்தைக் கொண்டுபோனேன். டர்பன் வார்விக் ஜங்ஷன் காலைச் சந்தையில் ஒரு அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே வாடிக்கையாளரிடம் பேரம் பேசுகிறார். பாட்டு இல்லை, ட்ரோன் இல்லை. ஒரு இடம், ஒரு ஆள், அவருக்கு ஒரு தேவை: ஏழு மணிக்குள் மூட்டை காலியாக வேண்டும். அதற்கு இடம் கிடைத்தது. போர்ட்ஃபோலியோ கேட்கும் எந்தப் படிப்புக்கும் இதைத்தான் சொல்வேன். உங்கள் கேமராவின் விலையை அவர்கள் பார்ப்பதில்லை, நீங்கள் எதை உற்றுப் பார்க்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கே படிப்பது என்ற கேள்வியில் முதலில் பணக்கணக்கைப் போடுங்கள். என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியின் உதவித்தொகை அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசின் தொழிற்கல்லூரிகளுக்கும்தான், தனியார் ஃபிலிம் ஸ்கூலுக்குக் கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். தேசியத் திரைப்பட, வீடியோ அறக்கட்டளை, அதாவது என்எஃப்விஎஃப், மாணவர்களுக்கு உதவித்தொகை தருவது உண்டு. அதன் அறிவிப்புகளையும் கவனித்துக்கொண்டிருங்கள். அப்புறம் புதிதாகச் சேர நினைப்பவர்கள் சுற்றிப் பார்க்கும் 'ஓப்பன் டே' அன்று கல்லூரிக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். முதல் வருடத்திலேயே படம் எடுக்க விடுவீர்களா? ஒரு கேமராவை எத்தனை பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும்? நான் எடுக்கும் மாணவர் படம் யாருக்குச் சொந்தம்? மூன்றாவதைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். மாணவர் படத்தின் உரிமையைத் தானே வைத்துக்கொள்ளும் கல்லூரிகள் உலகம் முழுக்க உண்டு. விழாவுக்கு அனுப்பவே அவர்களிடம் கடிதம் வாங்க வேண்டி வரும்.

சரி, உள்ளே போன பிறகு என்ன ஆனது என்று சொல்கிறேன். முதல் வருடப் பயிற்சிப் படத்துக்கு எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பார்த்து அழுதேன். படம் அழகாகத்தான் இருந்தது, சத்தம்தான் கெடுத்துவிட்டது. டர்பன்காரர்களுக்குத் தெரியும், இங்கே மைனாவும் ஹடீடா என்ற பறவையும் இல்லாத காலை கிடையாது. அதிலும் ஹடீடா கத்தினால், யாரோ பழைய கேட்டைத் திறப்பது போல இருக்கும். நெருக்கமான சோகக் காட்சி ஒன்றில், அம்மா பாத்திரம் "நான் போகிறேன்" என்று சொல்லும் இடத்தில், சரியாக அந்தக் கேட் திறந்தது. கேமராவின் மைக் தூரத்தில் இருந்ததால் அம்மாவின் குரலைவிடப் பறவையின் குரல் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

அதிலிருந்து கற்றவை சில. மைக்கை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் போதும், இல்லையென்றால் இன்னொரு போனைச் சட்டைப் பைக்குள் ஒளித்து வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் காட்சி முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள், எடிட்டில் ஒட்டுப்போட அதுதான் துணி. சமையலறையில் ஷூட்டிங் என்றால் ஃபிரிட்ஜை அணையுங்கள், உங்கள் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்க மாட்டீர்கள். இது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். ஆயாவின் மீன் கறியைக் கெடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

படத்திலும் ஒரு தவறு இருந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனை விநாடிக்கு 30 ஃபிரேமில் விட்டுவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் படம் துடிக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அந்த மதிப்பெண்ணை உண்மையில் குழிதோண்டிப் புதைத்தது ப்ரொடக்‌ஷன் ஃபைல். படம் 60, ஃபைல் 40 என்று எங்கள் கல்லூரியில் பிரித்திருந்தார்கள். ஃபைலில் திரைக்கதை, காட்சி வாரியான பட்டியல், ஷூட்டிங் அட்டவணை, கால் ஷீட் (அன்றைக்கு யார், எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லும் தாள்), பட்ஜெட், இடத்துக்கான அனுமதிக் கடிதம், நடித்தவர்கள் ஒப்புதல் தரும் ரிலீஸ் ஃபார்ம், ஆபத்து மதிப்பீடு எல்லாம் இருக்க வேண்டும். என் ஃபைலில் திரைக்கதையும் ஒரு பெட்ரோல் ரசீதும் இருந்தன. கலைஞர்களுக்கு எதற்குக் குமாஸ்தா வேலை என்று அப்போது நினைத்தேன். இப்போது நான் ஒரு குழுவுக்கு ஆள் எடுத்தால், கேமரா நன்றாகத் தெரிந்தவரை இரண்டாவதாகத்தான் கூப்பிடுவேன், கால் ஷீட்டில் மதியச் சாப்பாட்டு நேரமும் பக்கத்து மருத்துவமனை முகவரியும் போடத் தெரிந்தவரை முதலில். எங்கள் காலத்தில் லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு, அட்டவணையையும் அதில் போட்டோம். இரண்டு மணி நேரம் கரன்ட் போகும் என்றால் அந்த நேரத்தில் வெளிப்புறக் காட்சி, கரன்ட் வந்ததும் பேட்டரி சார்ஜ்.

காகிதத்தின் முழு அருமை தெரிந்தது கடைசி வருடப் படத்தில். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே எல்லோரும் 'போரிஜ் ப்ரேயர்' என்பார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆடி எங்களுக்குக் குளிர்காலம். இருட்டோடு எழுந்து, ஆவி பறக்கும் அண்டா முன்னால் ஆயா நிற்பதே ஒரு படம். 14 நிமிடம் வந்தது. ஆசிரியர்களுக்குப் பிடித்திருந்தது, விழாவுக்கு அனுப்பு என்றார்கள். டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979-லிருந்து நடக்கிறது, எங்கள் ஊர் விழா, அதில் என் ஆயா திரையில் வருவதாகக் கனவெல்லாம் கண்டாயிற்று. விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி: படத்தில் உள்ள எல்லா இசைக்கும் உரிமை பெற்றிருக்கிறேன்.

ஆயா பேசும் முக்கியமான ஐந்து நிமிடமும் பின்னால் ரேடியோவில் ஒரு பழைய தமிழ் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது இருப்பதுதான் அழகு என்று நானே சத்தத்தைக் கூட்டி வைத்தது வேறு. ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை உண்டு என்று அப்போதுதான் படித்தேன். பாட்டை இயற்றியவர்கள் பக்கம் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரர் பக்கம் ஒன்று. இரண்டும் தனித்தனியாக வேண்டும். இந்தியாவில் இருந்த இசை நிறுவனத்துக்கு ஆறு மின்னஞ்சல் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. பாட்டை மட்டும் பிரித்தெடுக்கவும் முடியாது, ஆயாவின் குரலோடு கலந்தே பதிவானது. படம் ஒரு வருடம் ஹார்ட் டிஸ்கில் கிடந்தது.

இந்த இடத்தில் வருமானத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு வருடம் சாப்பிட வேண்டியிருந்தது. சுயாதீனப் படம் எடுப்பவர் யாரும் இங்கே படத்தால் மட்டும் வாழ்வதாக எனக்குத் தெரியவில்லை. நான் மாமாவோடு கல்யாணத்துக்குத் திரும்பப் போனேன். கேப் டவுனில் கோடைகாலத்தில் வெளிநாட்டு விளம்பரக் குழுக்கள் வந்து இறங்கும், அங்கே இரண்டு மாதம் டேட்டா காப்பி எடுக்கும் வேலை பார்த்தேன். கேமராவின் மெமரி கார்டு ஒன்றை மூன்று இடத்தில் சேமிக்காமல் அழிக்கக் கூடாது என்பதை அங்கேதான் எலும்பில் ஏற்றினார்கள்.

நிதி விண்ணப்பமும் அந்த வருடம்தான் கற்றேன். என்எஃப்விஎஃப் விண்ணப்பக்காரர்களை அனுபவத்தைப் பொறுத்து அடுக்கு அடுக்காகப் பிரிக்கிறது, முதல் படக்காரர்களுக்கு மூன்றாம் அடுக்கு. வரிச் சான்று முதலிய தாள்களைக் கடைசி வாரத்தில் தேடக் கூடாது. வர்த்தகத் துறையின் ஊக்கத்தொகையில் கறுப்பினப் புதுப் படைப்பாளிகளுக்கு ஒரு பிரிவு உண்டு, சட்டப்படி இந்திய வம்சாவளியினரும் அதில் அடக்கம். ஆனால் குறைந்தது 5,00,000 ராண்டு செலவாகும் படமாக இருக்க வேண்டும். முதல் குறும்படத்தோடு அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதைவிட, தயாரிப்பாளர்களும் நிதி தருபவர்களும் கூடும் டர்பன் ஃபிலிம்மார்ட் என்ற திரைப்படச் சந்தை நடக்கும் நாட்களில் யாராவது தயாரிப்பாளருக்கு உதவியாளராகப் போய் நில்லுங்கள். பெரியவர்கள் தங்கள் கதையை ஐந்து நிமிடத்தில் எப்படிச் சொல்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பிட்ச்சிங் எல்லாம் அப்போதுதான் புரியும்.

அடுத்த ஆடியில் மறுபடி எடுத்தேன். ரேடியோ அணைந்திருந்தது, ஃபிரிட்ஜ் அணைந்திருந்தது, சாவி உள்ளே. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆயா தானாகவே ஒரு தாலாட்டை முணுமுணுத்தார், அவர் அம்மா பாடியதாம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாத பாட்டு. அதைப் பாடிய குரலுக்கு மட்டும் ஒப்புதல் போதும். படம் 11 நிமிடமாகச் சுருங்கியது, அது நல்லதே. குறும்படம் நீளமானால் விழாக்காரர்களுக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ரிலீஸ் ஃபார்மை நீட்டினேன். ஆயா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தமிழில் கையெழுத்துப் போட்டார். எங்கள் தயாரிப்பாளர் பையனுக்குப் பயம், இதை ஏற்றுக்கொள்வார்களா என்று. நம் அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் தமிழின் பெயரே இருக்கிறதடா என்றேன். அவன் நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்தான், இருந்தது. ஆனாலும் பாதுகாப்புக்காக ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு தாள் அடித்து, பின் குத்தி, ஃபைலில் வைத்துவிட்டான்.