மின் ஆற்றங்கரையில் தாவோ

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் இருக்கும் சிங்செங் மலை, இயற்கையின் வழியை 'தாவோ' என்று போற்றும் தாவோ மதத்தின் பிறப்பிடங்களில் ஒன்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் சாங் தாவோலிங் என்ற தாவோ குரு போதனை செய்த இடம். உச்சியில் கொண்டை முடிந்த துறவிகள், ஊதுபத்திப் புகை, அவர் கையால் நட்டதாகச் சொல்லும் கிங்கோ மரம் எல்லாவற்றையும் கும்பிட்டாயிற்று. ஆனால் கூட்டம். படி ஏறிய களைப்புதான் மிச்சம்.

என் மனசு நின்றது பக்கத்தில் உள்ள துஜியாங்யானில். அங்கே கி.மு. 256 வாக்கில் லீ பிங் என்ற ஆளுநர் மின் என்னும் ஆற்றில் பாசன வேலையைத் தொடங்கினார். அவரையும் அவர் மகனையும் தெய்வமாக வைத்துக் கரைமேல் கோயில் எழுப்பியிருக்கிறார்கள்: இரு அரசர் கோயில். 2008 நிலநடுக்கத்தில் பலமாகச் சேதமடைந்து, மறுபடி சீரமைக்கப்பட்டது. வாய்க்கால் வெட்டியவருக்குத் தாவோ கோயில் எதற்கு என்று உள்ளே போகும்வரை யோசித்தேன்.

சுவரில் ஆறே எழுத்துகள். 'படுகையை ஆழமாகத் தூர்வாரு, கலிங்கைத் தாழ்வாகக் கட்டு' என்று வழிகாட்டி படித்துச் சொன்னார். கலிங்கு என்றால் மிகுதி நீர் வழிந்தோடும் தாழ்ந்த கரை. எவ்வளவு ஆழம் வாருவது? அதற்கும் அடையாளம் உண்டு: படுகைக்குள் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள், அவை தட்டுப்படும்வரை வார வேண்டும்.

மேலிருந்து பார்த்தால் ஆற்றின் நடுவே மீன்வாய் போல ஒரு கரை நீண்டு நீரை இரண்டாகப் பிரிக்கிறது. உள்கால் ஆழம், வெளிக்கால் அகலம். தண்ணீர் குறைந்த நாளில் பெரும்பங்கு உள்கால் வழியே வயலுக்குப் போகிறது. வெள்ளம் வந்தால் பெரும்பங்கு வெளிக்காலில் விலகி ஓடிவிடுகிறது. இந்த அமைப்பில் ஆற்றை மறிக்கும் பெரிய அணை கிடையாது. எல்லோருக்கும் நன்மை செய்து, யாரோடும் போட்டி போடாமல், பிறர் வேண்டாமென ஒதுக்கும் தாழ்விடத்தில் தங்கும் நீர் தாவோவுக்கு நெருக்கமானது என்கிறது தாவோ மதத்தின் மூலநூலான 'தாவோ தே ஜிங்'. ஊரில் படித்தபோது அழகான வரி, அவ்வளவுதான். இங்கே அந்த வரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறது. தாவோவோடு ஒன்றாவதைக் கண்மூடி உட்கார்ந்து செய்யும் காரியமாகவே நினைத்திருந்தேன். இவர்களோ வருஷா வருஷம் தூர்வாரி அதைச் செய்திருக்கிறார்கள்.

சந்நிதியில் என்ன வேண்டிக்கொள்வது என்று தோன்றவில்லை. சரி என்று மூன்று ஊதுபத்தி மட்டும் ஏற்றிவிட்டு இறங்கினேன். போகிறவர்கள் ஏப்ரல் தொடக்கத்தில், சீனர்கள் முன்னோரை வழிபடும் சிங்மிங் நாளை ஒட்டிப் போங்கள். மரக்கால்களை முக்காலியாக நட்டு மறித்த நீரை, அவற்றைக் கட்டிய கயிற்றை அறுத்துத் திறந்துவிடும் விழா அப்போதுதான்.