சங்கக்கடை வாசலில் நாயும் புலியும்

எங்கள் பள்ளிக்கூட மலருக்கு எழுதுகிற நண்பர்கள் கிரிக்கெட் மட்ச், பரிசளிப்பு விழா எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது மண்ணெண்ணெய் வரிசைதான்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் அரசாங்கத் தடை. சங்கக்கடைக்கு, அதுதான் கூட்டுறவுக் கடைக்கு, எண்ணெய் வந்திட்டுதாம் என்று யாராவது வகுப்பு ஜன்னலில் சொல்லிவிட்டுப் போனால், கடைசிப் பாடம் யார் காதிலும் ஏறாது. மணி அடித்ததும் சைக்கிளை மிதித்துப் போனால், வரிசையில் ஆட்களைவிடக் கற்களும் வெறும் கான்களும் அறுந்த செருப்புகளும்தான் கூட. ஒவ்வொன்றும் ஓர் ஆள். கல்லை வைத்துவிட்டு ஆச்சிமார் வீட்டுக்குப் போய் உலை ஏற்றிவிட்டு வருவார்கள். புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, "தம்பி, நீர் எத்தினையாவது ஆள்?" அடுத்தவரின் கல்லை யாரும் தள்ளி நான் காணவில்லை. ஒருநாள் மாடு தள்ளிவிட்டது, அன்றைக்குப் பெரிய சண்டை.

நாங்கள் நாலைந்து பெடியள் மதகில் கரியால் கோடு கீறி நாயும் புலியும் விளையாடுவோம். புலிக்குப் புளியங்கொட்டை, நாய்க்குச் சிறுகல். எல்லோருக்கும் புலிதான் வேணும், பாய்ந்து பாய்ந்து வெட்டலாமே. வகுப்பில் என் பக்கத்து வாங்குக்காரன் மட்டும் (இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான், இதை வாசிப்பான்) நாயைக் கேட்டு வாங்குவான். அவன் ஒரு நாயை நகர்த்துவதற்குள் வரிசை இரண்டு ஆள் முன்னேறிவிடும். எங்களுக்குப் பத்திக்கொண்டு வரும். கடைசியில் பார்த்தால் புலி மூலையில் அசைய வழியில்லாமல் நிற்கும். சில நாள் ஆட்டம் முடியமுதலே "எண்ணெய் முடிஞ்சுது, இனி நாளைக்கு" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கீறிய கோடுகளை அழிக்காமல் விட்டுவிட்டு வருவோம்.

கிடைத்த நாளில் ஒரு போத்தல் கிடைக்கும். அதை ஜாம் போத்தல் விளக்குக்குச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அடியில் எண்ணெய் ஊறிய பஞ்சு, கம்பியில் திரி, சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். "படிச்சது காணும், விளக்கை நூர்" என்பார் அம்மா. அப்புறம் இருட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றுவேன், ஐயா டைனமோவில் ரேடியோக் கேட்பார். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துவிடும். ஐயா ஒன்றும் சொல்ல மாட்டார், இருமுவார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் சுற்றூர்களும் சேர்ந்த வலிகாமம் முழுக்க ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்கு எத்தனையோ நிமிடம் நிற்க வேண்டும். விடியும்போதுதான் கண்டேன், நாலு சைக்கிள் முன்னால் என் பக்கத்து வாங்குக்காரனுடைய குடும்பம். நனைந்த தலையோடு திரும்பிப் பார்த்து அவன் கேட்டான்:

"டேய், நீ எத்தினையாவது ஆள்?"