பாய்மரம் நின்ற குன்று

திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்ட கையோடு ஊர் திரும்புவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை மணப்பாடு பஸ் கண்ணெதிரே வந்து நிற்கவும் ஏறிவிட்டேன். குலசேகரப்பட்டினம் தாண்டினால் பனைகள், அப்புறம் கடல்.

ஊர்க்கோடியில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மணற்குன்று. உச்சியில் திருச்சிலுவை ஆலயம். 1540இல் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பல் ஒன்றின் தலைவன், உயிரோடு கரை சேர்ந்தால் சேர்ந்த இடத்தில் சிலுவை நடுவதாக வேண்டிக்கொண்டானாம். ஒடிந்த பாய்மரத்திலேயே அதைச் செய்து இந்தக் குன்றில் நட்டான் என்று ஊரார் சொல்கிறார்கள். கோயில் எழும்பியது 1581இல். கடலில் பிழைத்தவன் நட்ட மரத்தைக் கடலில் பிழைப்பவர்கள் கும்பிடுகிறார்கள். செப்டம்பர் 14 பெருநாளுக்கு இந்தக் குன்று கொள்ளாத கூட்டம் வருமாம். நான் போன அன்று, கொளுத்தும் வெயிலில், நானும் நான்கைந்து பேரும்தான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது கோயில் அல்ல, குன்றின் கடல் பக்கத்தில் இருக்கும், கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் சவேரியாரின் குகை. முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரையின் மீனவர்களான பரதவர்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். செபம் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. 1542இல் வந்த சவேரியார், செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாகக் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் தங்கித் தவம் செய்த இடம் இந்தக் குகை. அதற்கு முன் அது ஒரு சைவத் துறவியின் இருப்பிடம். அங்குள்ள கல்வெட்டே அதை மறைக்காமல் சொல்கிறது.

வாசலில் தயங்கி நின்றேன். நெற்றியில் செந்தூர் விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது. துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அழிக்க வேண்டாம் தம்பி. முதலில் உங்கள் சாமியார் இருந்த இடம்தானே."

குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. உருகிய மெழுகின் வாசனை, காலடியில் ஈர மணல். உள்ளே இருக்கும் கிணற்றிலிருந்து ஒரு கை தண்ணீர் தந்தார். அலை கைக்கெட்டும் தூரத்தில் அடித்துக்கொண்டிருக்க, நாக்கில் உப்பே இல்லை.

இறங்கி வந்தபோது, கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையின் கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கை தானாக முடிச்சுப் போட்டது. கடலிலிருந்து திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது கோயிலா, கலங்கரை விளக்கமா என்று கேட்டேன்.

"பகலில் கோயில், ராத்திரியில் விளக்கு," என்றவர், என் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "வடக்கே போனால் செந்தூர்க் கோபுரம்."